95, 94, 93… எண்ணிக் காட்டும் பல்ஸ் ரைஃபிளை வீட்டில் செய்வது எப்படி

1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கி மறந்திருக்காது. பெயர் எம்41ஏ பல்ஸ் ரைஃபிள். குட்டையாக, கனமாக, பழுப்பும் கறுப்புமாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன சன்னல், அதற்குள் சிவப்பு எண்கள். சுடச் சுட எண் குறையும். இன்னும் எத்தனை தோட்டா மிச்சம் என்று அதுவே சொல்லும்.

அந்த எண்தான் எனக்குப் பிடித்தது. அந்தப் படத்தின் நீண்ட வடிவத்தில் தானியங்கித் துப்பாக்கிகளை வழியில் நிறுத்திவைக்கும் காட்சி ஒன்று உண்டு. துப்பாக்கிக்கு ஐந்நூறு தோட்டா. எதிரி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. திரையில் எண் மட்டும் சரசரவென்று இறங்கும், நமக்கு வயிற்றைப் பிசையும். கடைசியில் ஒன்றில் பத்தே தோட்டா மிஞ்சும். ஒரு எண் குறைவதை வைத்தே அவ்வளவு பயத்தைக் காட்ட முடிகிறது. அதனால் இந்தத் துப்பாக்கியின் மாதிரியைச் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எண்காட்டியிலிருந்து தொடங்குங்கள். உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து உடம்பை இழைத்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, பேட்டரியை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். இடமே இருக்காது.

“வேலை செய்யும்” மாதிரி என்று நான் சொல்வது இதை: விசையை அழுத்தினால் சத்தம் வரும், குழல் முனையில் வெள்ளை ஒளி துடிக்கும், எண் குறையும். பூஜ்யம் வந்ததும் நின்றுவிடும். மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றி மறுபடி மாட்டினால் 95 வரும். எந்தப் பொருளும் வெளியே பறக்காது. காற்றழுத்தம், வாயு, பட்டாசு மருந்து, ஸ்பிரிங்கில் தெறிக்கும் குண்டு எதுவும் இதில் இல்லை, சேர்க்கவும் கூடாது.

அசல் எப்படிச் செய்தார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் வடிவம் சட்டென்று புரிந்துவிடும். இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் மனதில் இருந்த உருவத்தை, இங்கிலாந்தில் படங்களுக்கு ஆயுதம் கொடுக்கும் பாப்டி நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் அதர்டன் நிஜப் பொருளாக்கினார். உள்ளே இருப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்து தாம்சன் எம்1ஏ1 துப்பாக்கி. அதற்குக் கீழே, கையெறி குண்டு வீசும் குழலுக்காக ரெமிங்டன் 870 ஷாட்கன் ஒன்றை வெட்டிக் குட்டையாக்கிப் பொருத்தினார்கள். அந்தக் குழலைச் சுற்றியிருக்கும் துளை போட்ட கூடும் கைப்பிடியும் இத்தாலிய ஸ்பாஸ்-12 ஷாட்கனிலிருந்து வந்தவை. இவை எல்லாவற்றையும் மூடி ஒரு உறை. அந்த உறையைத்தான் நாம் பல்ஸ் ரைஃபிள் என்று பார்க்கிறோம்.

ஆக, படத்தில் முனையில் தெரியும் தீ நிஜம். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைத் தாம்சனில் போட்டுச் சுட்டார்கள். அதற்கு உரிமமும் பயிற்சியும் பெற்ற ஆயுதப் பொறுப்பாளர் படப்பிடிப்பில் கூடவே இருந்தாக வேண்டும். நமக்கு அந்த வழி வேண்டாம். எல்இடி போதும்.

சட்டமும் பாதுகாப்பும்

இதைக் கட்டுரையின் கடைசியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வடிவம் தூரத்திலிருந்து பார்த்தால் நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். படம் பார்க்காத ஒருவருக்கு, குறிப்பாக இருட்டில் நிற்கும் ஒரு காவலருக்கு, வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் குறைந்தது 6 மிமீ அகலத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நிஜம் போலத் தோன்றும் மாதிரிகளை விற்பதை மட்டுமல்ல, செய்வதையே கட்டுப்படுத்துகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்கள் பொருள் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அங்கே மாதிரித் துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கடுமை. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் துப்பாக்கி மாதிரிகளைப் பற்றிய பேச்சு இருக்கிறது. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நான் எங்கே இருந்தாலும் கடைப்பிடிப்பவை சில. முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆரஞ்சு. புகைப்படம் எடுக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. வெளியே கொண்டுபோனால் மூடிய பையில், மேகசின் தனியாக. பேருந்து, மெட்ரோ, விமானம் எதிலும் கையில் எடுத்துப் போவதில்லை. தெருவில், மொட்டை மாடியில் வைத்து யாரையும் குறிபார்ப்பதில்லை, விளையாட்டுக்குக்கூட. நிகழ்ச்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நடத்துபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: பொருள்கள்

மூளைக்கு ஒரு ஆர்டுயினோ நானோ, நிரல் ஏற்றி ஓட்டும் சின்னப் பலகை. எண்காட்டிக்கு டிஎம்1637 சிப் வைத்த நான்கு இலக்க சிவப்பு மாட்யூல். நமக்கு இரண்டு இலக்கம்தான் வேண்டும். மற்ற இரண்டை மறைத்துவிடலாம். தனி ஏழுகோட்டு எல்இடி வாங்கினால் பத்துப் பன்னிரண்டு ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். இந்த மாட்யூலுக்கு நான்கே ஒயர். முதல் முறை செய்பவர்களுக்கு இதுதான் நிம்மதி.

சத்தத்துக்கு டிஎஃப்பிளேயர் மினி. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கும் எம்பி3 கோப்பைத் தானே வாசித்து, 3 வாட் ஸ்பீக்கர் வரை நேரடியாக ஓட்டும். கூடவே 3 வாட், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. 32 ஜிபிக்கு மேற்படாத கார்டு.

ஒளிக்கு 5 மிமீ வெள்ளை எல்இடி நான்கு, 100 ஓம் ரெசிஸ்டர் நான்கு, 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு. 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்ச் இரண்டு. சின்ன பவர் பேங்க் ஒன்று. பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் ஒயர் செருகும் பலகை), ஜம்பர் ஒயர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடும். டிஎஃப்பிளேயரை மட்டும் இரண்டாக வாங்குங்கள். விலை குறைவு, ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் போய்விடும்.

9 வோல்ட் பெட்டி பேட்டரி வேண்டாம். அதைப் பார்த்தாலே வசதியாகத் தோன்றும், ஆனால் ஸ்பீக்கரும் எல்இடியும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. கழற்றி எடுத்த லித்தியம் செல்களையும் முதல் முறையிலேயே தொட வேண்டாம். பவர் பேங்கில் பாதுகாப்புச் சுற்று உள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் படி: மேசை மேல் ஓட விடுங்கள்

எல்லாவற்றையும் பிரெட்போர்டில் போடுங்கள். இப்போதைக்குச் சால்டரிங் வேண்டாம். பலகைகளின் கால்களை மட்டும் பற்றவைத்தால் போதும்.

பழைய யூஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, சிவப்பு, கறுப்பு இரண்டை மட்டும் எடுத்து பிரெட்போர்டின் பக்கவாட்டுக் கோடுகளில் கொடுங்கள். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிறம் மாறிவரும் மலிவான கேபிள்கள் இருக்கின்றன. பிளஸ் பக்கம்தான் நம் 5 வோல்ட் தடம், மைனஸ் பக்கம் ‘தரை’ (கிரவுண்ட்). நானோவின் 5 வோல்ட் கால், எண்காட்டி, டிஎஃப்பிளேயர், எல்இடி எல்லாம் இந்தத் தடத்திலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். நானோ வழியாக மற்றவற்றுக்குக் கொடுக்காதீர்கள். நிரல் ஏற்றக் கணினியில் செருகும்போது பவர் பேங்கைக் கழற்றிவிடுங்கள்.

எண்காட்டியின் கடிகாரக் கால் நானோவின் டி2க்கு, தரவுக் கால் டி3க்கு. விசை சுவிட்சின் பொதுக் கால் தரைக்கு, ‘என்ஓ’ என்று எழுதியிருக்கும் கால் டி4க்கு. மேகசின் சுவிட்சும் அதே மாதிரி, டி5க்கு. இந்த இரண்டு கால்களுக்கும் உள்ளிருக்கும் புல்-அப்பை (காலை ‘மேல்’ நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டரை) நிரலில் இயக்கிவிட்டால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. அழுத்தாதபோது ‘மேல்’, அழுத்தினால் ‘கீழ்’ என்று நானோ வாசிக்கும்.

டி6லிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் தரைக்கு. நான்கு எல்இடிகளும் தனித்தனி 100 ஓம் ரெசிஸ்டருடன் 5 வோல்ட்டிலிருந்து கலெக்டருக்கு. ஒவ்வொன்றும் 18 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், நான்கும் சேர்ந்து 72. நானோவின் ஒரு காலால் அவ்வளவு கொடுக்க முடியாது, அதற்குத்தான் டிரான்சிஸ்டர்.

டிஎஃப்பிளேயரின் வாங்கும் கால் டி11க்கு, நடுவில் மற்றொரு 1 கிலோ ஓம். அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அனுப்பும் கால் டி10க்கு. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் அதற்கென இருக்கும் இரண்டு கால்களில். எதையும் தரையோடு சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: நிரலின் போக்கு

நிரலை அப்படியே படியெடுத்து ஒட்டுவதைவிட, அது என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டால் நீங்களே எழுதிவிடலாம். டிஎம்1637க்கும் டிஎஃப்பிளேயருக்கும் ஆர்டுயினோ மென்பொருளிலேயே நூலகங்கள் (தயார் நிரல் தொகுப்புகள்) கிடைக்கும்.

மிச்சத் தோட்டா எண்ணிக்கையை வைக்க ஒரு மாறி (வேரியபிள்). தொடக்கம் 95. மேகசினில் 99 பிடிக்கும் என்பது கதை. ஆனால் ரசிகர்கள் செய்யும் மாதிரிகளில் 95 என்று தொடங்குவதுதான் மரபு.

எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும்? உள்ளே இருந்த தாம்சன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முறை சுடும். 60,000 மில்லி விநாடியை 700ஆல் வகுத்தால் 86. ஆக, விசை அழுத்தியிருக்கும் வரை 86 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒன்றைக் கழித்து, எண்காட்டியில் எழுதி, எல்இடியை ஏற்ற வேண்டும். 30 மில்லி விநாடியில் எல்இடியை அணைத்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் 95 தோட்டாவும் எட்டே விநாடியில் தீர்ந்துவிடும். முதல் தடவை கையில் பிடித்து அழுத்தும்போது அந்த எட்டு விநாடி எவ்வளவு சின்னது என்று தெரியும்.

காத்திருக்க ‘டிலே’ கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது ஓடும் நேரத்தில் நானோ வேறெதையும் பார்க்காது. விரலை எடுத்தாலும் தாமதமாகத்தான் உணரும். ‘மில்லிஸ்’ கொடுக்கும் நேரத்தைக் குறித்துவைத்து, கடைசியாகச் சுட்டதிலிருந்து 86 ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேளுங்கள். சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சமைப்பது போல.

மேகசின் சுவிட்ச் விடுபட்டால் எண்காட்டியில் இரண்டு சிறு கோடுகள். மறுபடி அழுந்தினால் 95. சுவிட்ச் உலோகம் துள்ளுவதால் ஒரே அழுத்தம் நாலைந்தாகத் தெரியும். 30 மில்லி விநாடி நிலையாக இருந்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தில் ஒரு சூட்சுமம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு சத்தத்தைத் தொடங்கச் சொன்னால் டிஎஃப்பிளேயர் திணறும். ஒரு கோப்பைத் தொடங்கவே அதற்கு ஒரு பத்தில் ஒரு விநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகிவிடும். அதனால் எட்டு விநாடிக்கும் தொடர்ந்து வரும் ஒரே கோப்பைத் தயார்செய்யுங்கள். விசையை அழுத்தியதும் அது ஓடட்டும். விட்டதும் வெறுமனே நிறுத்தினால் நறுக்கென்று வெட்டியது போல இருக்கும். நிறுத்துவதற்குப் பதில் அரை விநாடி எதிரொலி மட்டும் இருக்கும் இரண்டாவது கோப்பை ஓடவிடுங்கள். காதுக்கு அவ்வளவு இயல்பாக இருக்கும். மூன்றாவது, காலியானபின் ‘டிக்’. நான்காவது, மேகசின் மாட்டும் சத்தம்.

கார்டை முதலில் ஃபார்மட் செய்து, ‘எம்பி3’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயரில் ஒவ்வொன்றாகப் படியெடுங்கள். அந்தக் கோப்புறையிலிருந்து வாசிக்கும் கட்டளையையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கார்டில் எழுதிய வரிசைப்படி எடுத்து, எண்ணை மாற்றி வாசிக்கும்.

சத்தத்தைப் படத்திலிருந்து உருவ வேண்டாம், நாமே செய்வோம். ஸ்டேப்ளரை மேசையில் வைத்து ஓங்கி அடிக்கும் ஒலியைப் போனில் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதியைக் குறைத்து, எவர்சில்வர் டப்பா மூடியைத் தட்டும் ஒலியை அதன்மேல் மெல்லியதாகப் போர்த்தி, 86 மில்லி விநாடி இடைவெளியில் 95 முறை ஒட்டினேன். நன்றாகவே வந்தது.

எண் திடீரென்று 95க்குத் தாவினால்

இது எல்லோருக்கும் வரும் சிக்கல், அதனால் தனியாகச் சொல்கிறேன். விசையை அழுத்துகிறீர்கள். 94, 93, 92 என்று குறைகிறது. திடீரென்று 95. நிரலில் பிழை என்று நினைத்து இரவெல்லாம் தேடுவீர்கள். நிரலில் ஒன்றும் இருக்காது. ஸ்பீக்கர் முழு வேகத்தில் அடிக்கும் கணத்தில் 5 வோல்ட் தடம் சட்டென்று இறங்கி, நானோ ஒருமுறை மயங்கி எழுகிறது. எழுந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்கும். முதல் வரியில் 95.

சோதிக்க எளிய வழி: ஸ்பீக்கர் ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். எண் ஒழுங்காகப் பூஜ்யம் வரை போனால் குற்றவாளி மின்சாரம்தான். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 5 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் நடுவே, டிஎஃப்பிளேயருக்குப் பக்கத்தில் போடுங்கள். கோடு போட்ட பக்கம் தரைக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும். மெல்லிய ஜம்பர் ஒயருக்குப் பதில் தடிமனான ஒயர் கொடுங்கள். ஒலியளவை 30க்கு 22 என்று வையுங்கள். இந்த மூன்றில் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கலை நான் ஒரு நிகழ்ச்சியில் பட்டேன். வீட்டில் நன்றாக ஓடியது. அங்கே போய்ச் சுவிட்சைப் போட்டு, என் முறைக்காகக் காத்திருந்தேன். அரை நிமிடத்தில் எண்காட்டி அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. பல பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். வீட்டில் நான் அழுத்திக்கொண்டே இருந்ததால் தெரியவில்லை. அன்று ஒரு சின்னப் பையன் அதைக் கையில் வாங்கி, எண் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதிலிருந்து, எந்த பவர் பேங்காக இருந்தாலும் முழுச் சுற்றையும் இணைத்து, விசையைத் தொடாமல் ஒரு மணி நேரம் மேசையில் வைத்துப் பார்த்த பிறகுதான் உடம்புக்குள் வைக்கிறேன். அணைகிறது என்றால் வேறு பவர் பேங்க். கிடைக்காவிட்டால் 5 வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் நடுவே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் கூடுதலாக 100 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும், விழித்தே இருக்கும். அது சுடும், நுரை ஷீட்டில் படாமல் வையுங்கள்.

மேசையில் எல்லாம் இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு, பொத்தல் போட்ட பலகையில் சால்டர் செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: உடம்பு

3டி பிரின்டர் இருப்பவர்களுக்கு மாதிரிக் கோப்புகள் தாராளமாகக் கிடைக்கும். இல்லாதவர்களுக்கு 5 மிமீ சன்போர்டும் (கெட்டியான நுரை ஷீட்) பிவிசி பைப்பும் போதும். நான் முதலில் செய்தது அப்படித்தான்.

படத்தின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்றை எடுத்து ஏ4 தாள்களில் நிஜ அளவில் அச்சிட்டு ஒட்டுங்கள். நிஜ அளவு எது என்று குழம்ப வேண்டாம். அச்சிட்ட கைப்பிடியின்மேல் உங்கள் கையை வையுங்கள். நான்கு விரலும் நெருக்கமில்லாமல் உட்கார்ந்தால் அளவு சரி. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்க வேண்டும். உங்கள் கையில் அது சரியாக இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கும் சரியாக இருக்கும்.

அந்தத் தாளை வைத்துச் சன்போர்டில் இரண்டு பக்கங்களை வெட்டுங்கள். நடுவில் பவர் பேங்கின் தடிமனைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இடைவெளி. மேல் குழலுக்கு முக்கால் இன்ச் பைப், கீழ்க் குழலுக்கு அதைவிடப் பெரியது. கீழ்க் குழலைச் சுற்றிய கூட்டில் இருக்கும் நீளத் துளைகளை, இரண்டு முனையிலும் டிரில்லால் ஓட்டை போட்டு நடுவில் கட்டரால் வெட்டி எடுக்கலாம். பைப்பில் தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு குறித்தால் கோடு கோணாது.

விசைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இந்த மாதிரியை எடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் தொடும் இடம் அதுதான். விசையை 5 மிமீ அக்ரிலிக் துண்டில் வெட்டி, மேல் முனையில் 3 மிமீ போல்ட் ஒன்றில் ஆடும்படி மாட்டுங்கள். பின்னால் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங். விசை மொத்தம் 6 மிமீ பின்னால் போகட்டும். நான்காவது மில்லிமீட்டரில் மைக்ரோ சுவிட்ச் ‘கிளிக்’ ஆக வேண்டும். ஆறாவது மில்லிமீட்டரில் ஒரு மரத்துண்டு அதைத் தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் உற்சாகத்தில் இழுக்கும் விரலின் வலு முழுவதும் சுவிட்சின் மெல்லிய தகட்டில் போய் இறங்கும். ஒரு வாரத்தில் தகடு வளைந்துவிடும். சுவிட்சை ஹாட் க்ளூவில் ஒட்டாதீர்கள். அதன் இரண்டு ஓட்டைகளில் திருகு போட்டு முடுக்குங்கள்.

எண்காட்டியின் சன்னலில் சிவப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அது இல்லாமல் பார்த்தால் எரியாத கோடுகளும் சாம்பல் நிறத்தில் தெரியும், எல்லாம் எட்டு எட்டாக இருக்கும். சிவப்புத் தகடு வந்ததும் அவை மறைந்து, எண் மட்டும் இருட்டிலிருந்து எழுந்து நிற்கும். தேவையில்லாத இரண்டு இலக்கங்களையும் நடுப் புள்ளிகளையும் தகட்டின் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மறையுங்கள். முப்பது ரூபாய்ச் சமாசாரம், துப்பாக்கியின் முகமே மாறிவிடும்.

எல்இடி நான்கையும் குழல் முனையிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி வைத்து, முன்னால் பால் வெள்ளை பிளாஸ்டிக் வட்டம் ஒன்று. தயிர் டப்பா மூடியில் வெட்டிக்கொள்ளலாம். குழலின் உட்புறத்தில் அலுமினியத் தாள் சுற்றினால் ஒளி இரட்டிப்பாகத் தெரியும். ஸ்பீக்கரை மேகசினுக்கு மேலே, கீழ்நோக்கி. பின்பக்க மூடியை மட்டும் ஒட்டாமல் நான்கு திருகில் நிறுத்துங்கள். சார்ஜ் போட, கார்டை எடுக்க, பழுது பார்க்க அதுதான் வழி.

ஐந்தாம் படி: பெயின்ட்

மூட்டுகளில் பட்டி பூசி, காய்ந்ததும் 120 உப்புத்தாள், பிறகு 240, கடைசியில் தண்ணீர் தொட்டு 400. பிரைமர் அடித்ததும் இதுவரை கண்ணில் படாத பள்ளமெல்லாம் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. அலுப்பான வேலைதான். வேகமாக முடிக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை. தேய்க்கும்போதும் ஸ்ப்ரே அடிக்கும்போதும் முகமூடி போடுங்கள். தெர்மாகோல் உள்ளே வைத்த போர்டைப் பயன்படுத்தியிருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் அதைக் கரைத்துவிடும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து மூன்று கோட் பூசிய பிறகே அடிக்க வேண்டும்.

நிறத்தில் பலர் ஏமாறுவார்கள். படத்தின் நீல வெளிச்சத்தில் உறை ராணுவப் பச்சை போலத் தெரியும். அது பச்சை இல்லை, பழுப்பு. ஹம்ப்ரால் நிறுவனத்தின் ‘பிரவுன் பெஸ்’ என்ற நிறம் என்று அசலைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். நம் ஊரில் அந்த டப்பா கிடைக்காவிட்டால் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துளி பச்சை கலந்து, பளபளப்பில்லாமல் அடியுங்கள். குழல்கள், கூடு, கைப்பிடி எல்லாம் மங்கிய கறுப்பு. கடைசியாக முனையில் ஆரஞ்சு.

பழையதாகக் காட்ட, தட்டையான தூரிகையில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்து, ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்ற நிலையில் விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். எங்கே உரசுவது என்பதைத் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். இடது உள்ளங்கை எங்கே தாங்குகிறது, மேகசினை மாட்டும்போது எது எதில் இடிக்கிறது, சுவரில் சாய்த்து வைத்தால் எந்த மூலை தரையில் படுகிறது. அந்த இடங்களில் மட்டும். எல்லா விளிம்பிலும் சமமாகப் பூசினால் அது பயன்பட்ட பொருளாகத் தெரியாது, வெள்ளிக் கோடு போட்டது போல இருக்கும். மேலே மேட் கிளியர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

பிறகு உள்ளுறுப்புகளைப் பூட்டுங்கள். ஒவ்வொரு ஒயரையும் சுவர்ப் பக்கமாக டேப் போட்டு ஒதுக்கி, விசை ஆடும் பாதையில் எதுவும் குறுக்கே வராமல் பாருங்கள். மேகசினை இருபது முறை கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 95 வர வேண்டும். இரண்டு கோடுகளிலேயே நின்றுவிட்டால் மேகசின் தலையில் ஒரு அட்டைத் துண்டு ஒட்டி, சுவிட்ச் நன்றாக அழுந்தும்படி உயரம் கூட்டுங்கள். பூஜ்யம் வரை ஐந்து முறை விடாமல் சுட்டுப் பார்த்த பிறகு பின்மூடியின் நான்கு திருகுகளையும் முடுக்கலாம்.

அடுத்ததாகச் சேர்க்க ஆசை இருந்தால் கீழ்க் குழலின் பம்ப். அதை முன்னும் பின்னும் இழுக்கும்போது மூன்றாவது மைக்ரோ சுவிட்ச் ஒன்று அழுந்தும்படி செய்து, டி7இல் கொடுத்து, கார்டில் 0005 என்று ‘சக்-சக்’ ஒலி ஒன்றைப் போட்டுவிட்டால் போதும்.